கோப்பு சர்வர்: எதைத் திறப்பது, எதை மூடுவது

ஓர் அலுவலகத்தில் ஒருவர் தன் விண்டோஸ் கணினியில் கணக்குப் பிரிவின் எக்செல் கோப்பை இரண்டு முறை சொடுக்குகிறார். கோப்பு அவர் கணினியில் இல்லை. மூலை அறையில், திரையும் கீபோர்டும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு லினக்ஸ் பெட்டியில் இருக்கிறது. சுட்டியிலிருந்து கையை எடுப்பதற்குள் கோப்பு திறந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் இரண்டு இயந்திரங்களும் பல சுற்றுப் பேசி முடித்திருக்கும். அந்தப் பேச்சுக்கான விதித்தொகுப்புதான் நெறிமுறை. அதைக் கேட்டுப் பதில் சொல்ல சர்வரில் ஓயாமல் காத்திருக்கும் நிரல்தான் சேவை.

கோப்பு சர்வர் அமைக்கப் போகிறோம் என்றதும் பலரும் வட்டைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். எத்தனை டெராபைட், ரெய்டு உண்டா, எந்த நிறுவனத் தயாரிப்பு? இவையெல்லாம் பணம் கொடுத்தால் தீரும் கேள்விகள். சர்வர் நாலு வருஷம் தொல்லையில்லாமல் ஓடுமா என்பதை முடிவு செய்வது அதில் எந்தச் சேவைகள் ஓடுகின்றன என்பதுதான். என்னைக் கேட்டால், எவற்றை ஓடவிடவில்லை என்பது அதைவிட முக்கியம்.

அடிப்படை வேலைகள் இரண்டை முதலில் முடித்துவிட வேண்டும். ஒன்று, முகவரி. அலுவலகக் கணினிகளுக்கு ரவுட்டரே டிஹெச்சிபி சேவையின் மூலம் ஐபி முகவரி வழங்குகிறது. அது இன்றைக்கு ஒன்றாகவும் நாளைக்கு வேறாகவும் இருக்கலாம். சர்வருக்கு இது ஒத்துவராது. அதன் நெட்வொர்க் அட்டையின் வன்பொருள் எண்ணை ரவுட்டரில் குறித்து, ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட வேண்டும். மற்றொன்று, கடிகாரம். பெரிய அலுவலகங்களில் ஆள் யாரென்று சரிபார்க்கும் கெர்பரோஸ் என்ற முறை, இரு கணினிகளின் நேரமும் வழக்கமாக 5 நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் அனுமதி மறுத்துவிடும். பாஸ்வேர்டு சரி, கேபிள் சரி, ஆனாலும் உள்ளே போக முடியவில்லை என்று நாள் முழுக்கத் தேடியவர்கள் உண்டு. கடைசியில் மதர்போர்டில் தீர்ந்துபோன பொத்தான் பேட்டரிதான் காரணமாக இருக்கும். என்டிபி மூலம் நேரத்தைச் சரிசெய்யும் சேவையை முதலிலேயே இயக்கிவிட்டால் இந்த அலைச்சல் மிச்சம்.

இனி அந்தச் சொடுக்கலுக்கு வருவோம். விண்டோஸ் கணினி சர்வரின் 445ஆம் எண் போர்ட்டை அழைக்கிறது. போர்ட் எண் 16 பிட் அளவுள்ளது. ஆகவே 65,535 வரை போகலாம். அதில் 1024க்குக் கீழே இருக்கும் எண்களில் காத்திருக்க, யூனிக்ஸ் மரபில் ரூட் அதிகாரம் வேண்டும். 445 என்பது எஸ்எம்பி நெறிமுறைக்கு உரியது. விண்டோஸ் 2000 வருவதற்கு முன்னால் எஸ்எம்பி தனியாக நடக்காது. நெட்பயாஸ் என்ற பழைய ஏற்பாட்டின் மேல் ஏறி 137, 138, 139 ஆகிய போர்ட்டுகளில்தான் வரும். இன்றைக்கும் பல வழிகாட்டிகள் அந்த மூன்றையும் ஃபயர்வாலில் திறக்கச் சொல்கின்றன. புதிய கணினிகள் மட்டும் உள்ள இடத்தில் 445 ஒன்றே போதும்.

அழைப்பு கிடைத்ததும் பேரம் தொடங்குகிறது. எஸ்எம்பியில் 2.0.2, 2.1, 3.0, 3.0.2, 3.1.1 எனப் பல பதிப்புகள் உண்டு. எனக்குத் தெரிந்தவை இவை என்று கிளையன்ட், அதாவது கோப்பைக் கேட்கும் கணினி, பட்டியல் தரும். இரண்டு பேருக்கும் பொதுவானதில் மிகப் புதியதை சர்வர் எடுத்துக்கொள்ளும். இந்தப் பேரத்தில் ஓர் ஆபத்து உண்டு. நடுவில் ஒருவன் புகுந்து பட்டியலிலிருந்து புதிய பதிப்புகளை அடித்துவிட்டால், இருவரும் பாதுகாப்பு குறைந்த பழைய பதிப்புக்கு இறங்கிவிடுவார்கள். விண்டோஸ் 10 உடன் வந்த 3.1.1 இதற்கு மருந்து வைத்தது. பேரத்தில் பரிமாறிய செய்திகள் அத்தனையையும் எஸ்ஹெச்ஏ-512 கணக்கீட்டில் சுருக்கி, அதைப் பின்னால் உருவாகும் சாவியோடு பிணைத்துவிடுகிறது. ஒரு பிட் மாறியிருந்தாலும் இரு பக்கச் சாவிகளும் பொருந்தாது. இணைப்பு அறுந்துவிடும்.

அடுத்தது, நீ யார் என்ற கேள்வி. புதிதாக சர்வர் அமைப்பவர்களை அதிகம் குழப்புவது இந்த இடம்தான். லினக்ஸில் ஒருவருக்குக் கணக்கும் பாஸ்வேர்டும் உண்டாக்கியாயிற்று. அதே பாஸ்வேர்டை விண்டோஸிலிருந்து கொடுத்தால் சர்வர் ஏற்க மறுக்கிறது. காரணம் எளிமையானது. எஸ்எம்பியில் பாஸ்வேர்டு கம்பி வழியே பயணிப்பதில்லை. சர்வர் ஒரு தற்செயல் எண்ணை அனுப்பும். கிளையன்ட் பாஸ்வேர்டின் சுருக்கத்தை வைத்து அந்த எண்ணுக்கு ஒரு விடை கணக்கிட்டு அனுப்பும். விடையைச் சரிபார்க்க சர்வரிடமும் அதே வகைச் சுருக்கம் இருக்க வேண்டும். விண்டோஸ் மரபில் அது எம்டி4 முறையில் செய்யப்படுவது. லினக்ஸ் தன்னிடம் வைத்திருப்பதோ 'உப்பு' எனப்படும் தற்செயல் மதிப்பைச் சேர்த்து, வேறு முறையில் அரைத்த சுருக்கம். ஒன்றிலிருந்து மற்றதைப் பெற வழியே கிடையாது. ஆகவே லினக்ஸ் சர்வரில் எஸ்எம்பி பேசும் சாம்பா என்ற மென்பொருள் தனக்கென்று ஒரு பாஸ்வேர்டு பட்டியல் வைத்துக்கொள்கிறது. அதில் அந்த ஆளைத் தனியாகச் சேர்த்தாக வேண்டும்.

சாம்பா இன்றைக்கு வீட்டில் கோப்பு சேமிக்க வைக்கும் நாஸ் பெட்டிகள் பலவற்றின் உள்ளே இருக்கிறது. அதன் பிறப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எஸ்எம்பி 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் வடிவமைத்தது. பிறகு மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லுக்கு 1991 கடைசியில் ஒரு சின்னத் தேவை ஏற்பட்டது. தன் மேசையில் உள்ள டாஸ் கணினியிலிருந்து யூனிக்ஸ் இயந்திரத்தின் வட்டை அணுக வேண்டும். டாஸ் பக்கத்தில் டிஜிட்டல் நிறுவனத்தின் பாத்வொர்க்ஸ் மென்பொருள் இருந்தது. ஆனால் அதற்குப் பதில் சொல்லும் சர்வர் அந்த நிறுவனத்தின் இயந்திரங்களுக்கு மட்டும்தான். விவர ஆவணம் எதுவும் கையில் இல்லை. அவர் கம்பியில் போகும் பொட்டலங்களைப் பிடித்துப் பார்க்கும் நிரலை எழுதினார். கிளையன்ட் என்ன கேட்கிறது, அசல் சர்வர் என்ன விடை தருகிறது என்று பைட் பைட்டாகப் பார்த்து, அதே விடைகளைத் தரும் ஒரு சர்வரை எழுதிவிட்டார். 1992 ஜனவரியில் அது வெளியானது. மைக்ரோசாஃப்ட் உலகம் முழுக்கப் பேசும் நெறிமுறையைத்தான் பிடித்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

இப்படிக் கேட்டுக் கேட்டே பதினைந்து ஆண்டுகள் சாம்பா குழு ஓட்டியது. ஐரோப்பிய ஆணையம் 2004இல் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் போட்டு, சர்வர் நெறிமுறைகளின் விவரத்தைப் போட்டியாளர்களுக்குத் தர உத்தரவிட்டது. மேல்முறையீடு 2007 செப்டம்பரில் தோற்றது. அந்த ஆண்டு டிசம்பரில், 10,000 யூரோ ஒருமுறைக் கட்டணத்துக்கு ஆவணங்கள் சாம்பா குழுவின் கைக்கு வந்தன. மூடிவைத்த நெறிமுறையும் கம்பியில் வெளிப்பட்டே தீரும் என்று மாணவர் ஒருவர் காட்டியதை, நீதிமன்றம் பதினைந்து வருஷம் கழித்து வேறு வழியில் வந்தடைந்தது.

உள்ளே வந்துவிட்டவருக்கு என்ன உரிமை? இங்கே இரண்டு சோதனைகள் நடக்கின்றன. பகிர்ந்த ஃபோல்டருக்கு சாம்பா வைக்கும் கட்டுப்பாடு ஒன்று. கோப்புக்கு லினக்ஸ் வைக்கும் அனுமதி மற்றொன்று. இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். சாம்பாவில் எழுதலாம் என்று போட்டுவிட்டு, லினக்ஸ் பக்கம் மறந்துவிட்டு, ஏன் சேமிக்க முடியவில்லை என்று கேட்பது அன்றாடக் கதை. இன்னொரு நுணுக்கமும் உண்டு. வேர்டு, எக்செல் போன்றவை சேமிக்கும்போது பழைய கோப்பின் மேல் எழுதுவதில்லை. புதிதாக ஒரு தற்காலிகக் கோப்பை எழுதி, அதற்குப் பழைய பெயரைச் சூட்டுகின்றன. ஆகவே சேமிப்பவரே கோப்பின் புது உரிமையாளர் ஆகிவிடலாம். காலையில் எல்லோரும் திருத்திய கோப்பை மாலையில் ஒருவர் மட்டுமே திருத்த முடிவதற்கு இது ஒரு காரணம். ஃபோல்டரில் செட்ஜிஐடி பிட்டை வைத்துவிட்டால், உள்ளே உருவாகும் எல்லாக் கோப்பும் ஃபோல்டரின் குழுவையே சேரும். அந்தக் குழு எழுதலாம் என்றும் சாம்பாவில் வைத்துவிட்டால் சிக்கல் தீரும்.

அலுவலகத்தில் லினக்ஸ் கணினிகளும் இருந்தால் என்எஃப்எஸ் பற்றிய பேச்சு வரும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் உருவாக்கியது இது. இதன் ஆரம்ப வடிவமைப்பில் ஓர் அழகான பிடிவாதம் இருந்தது: சர்வர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. யார் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார் என்ற கணக்கே அதனிடம் கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் தனக்கு வேண்டிய விவரம் அனைத்தையும் தானே சுமந்து வரும். இதனால் சர்வர் நடுவில் விழுந்து எழுந்தாலும் கிளையன்ட் மறுபடி மறுபடி கேட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துவிடும். அந்தக் காலத்து யூனிக்ஸ்காரர்களுக்கு, சர்வர் பதிலளிக்கவில்லை, இன்னும் முயல்கிறேன் என்று திரையில் தோன்றும் வரி மனப்பாடம். ஆனால் கோப்பைப் பூட்டுவதற்கு நினைவு வேண்டுமே. அதற்கென்று தனியாக லாக்டி, ஸ்டாட்டி என்று துணைச் சேவைகள் முளைத்தன. போர்ட்டுகள் பல இடங்களில் சிதறின. எது எங்கே என்று சொல்ல 111ஆம் எண்ணில் ஒரு சேவை தேவைப்பட்டது. ஃபயர்வால் வைப்பவருக்கு இது பெரிய தலைவலி. நான்காம் பதிப்பு அந்தப் பிடிவாதத்தைக் கைவிட்டது. நினைவும் பூட்டும் நெறிமுறைக்குள்ளேயே வந்தன. 2049 என்ற ஒரே போர்ட் போதும் என்றானது. புதிதாக அமைப்பவர் மூன்றாம் பதிப்பைத் தொடக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

என்எஃப்எஸ்ஸின் உண்மையான பலவீனம் அதன் நம்பிக்கை. வழக்கமான அமைப்பில் அது பாஸ்வேர்டு கேட்பதே இல்லை. நான் 1001ஆம் எண் பயனர் என்று கிளையன்ட் சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்ளும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் என்று சொல்லிக்கொண்டு வருபவரை எல்லாம் பந்தியில் உட்காரவைப்பது மாதிரிதான். தன் மடிக்கணினியில் ரூட் அதிகாரம் உள்ள யாரும் எந்த எண்ணையும் சூட்டிக்கொள்ளலாம். ரூட் என்று சொல்லிக்கொண்டு வருபவரை மட்டும் அநாமதேயப் பயனராக இறக்கிவிடும் ஏற்பாடு லினக்ஸில் இயல்பாகவே இருக்கிறது. மற்ற எண்களுக்கு அந்தக் காவல் கிடையாது. கெர்பரோஸைச் சேர்த்தால்தான் என்எஃப்எஸ் ஆளைச் சரிபார்க்கும். இல்லையென்றால் சர்வர் அறைக்குள் இயந்திரத்துக்கும் இயந்திரத்துக்கும் இடையே மட்டும் அதை வைத்துக்கொள்வது நல்லது.

அதன் அமைப்புக் கோப்பில் ஒரு பொல்லாத இடைவெளியும் உண்டு. ஒரு வரியில் ஃபோல்டரின் பெயர், அடுத்து அனுமதி பெறும் கணினியின் பெயர், அதை ஒட்டி அடைப்புக்குறிக்குள் உரிமைகள் என்று எழுத வேண்டும். கணினிப் பெயருக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே ஒரு வெற்றிடம் விழுந்துவிட்டால் பொருளே மாறிவிடும். அந்தக் கணினிக்குப் படிக்கும் உரிமை மட்டும், எழுதும் உரிமையோ நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும்! ஸ்பேஸ் பாரில் ஒரு விரல் தட்டியதற்கு இவ்வளவு பெரிய விலை வைத்த மென்பொருள் குறைவு.

எஃப்டிபி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கான்பூர் ஐஐடியின் முதல் மாணவர் குழுவில் படித்துவிட்டு எம்ஐடிக்குப் போன அபய் பூஷண் 1971 ஏப்ரலில் அதன் முதல் வரைவை எழுதினார். ஊரே ஒருவரையொருவர் அறிந்திருந்த காலத்து நெறிமுறை. பாஸ்வேர்டை அப்பட்டமாக அனுப்பும். வெளியிலிருந்து கோப்பு அனுப்பவேண்டிய தேவை இருந்தால் 22ஆம் போர்ட்டில், எஸ்எஸ்ஹெச்சுக்குள் நடக்கும் எஸ்எஃப்டிபி இருக்கிறது. அதையும் பாஸ்வேர்டை நம்பாமல் சாவிக் கோப்பு வைத்து இயக்குங்கள்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் வரும் சங்கடம் ஒன்று உண்டு. ஆங்கில வழிகாட்டிகள் அதைத் தொடுவதில்லை. லினக்ஸின் எக்ஸ்ட்4 போன்ற கோப்பமைப்புகளில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸிலும் 255தான், ஆனால் அது எண்ணுவது பைட்டை அல்ல, 16 பிட் அலகுகளை. யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் 3 பைட் பிடிக்கும். நடுநிலைப்பள்ளி என்ற சொல் நம் கண்ணுக்கு 8 எழுத்து. யூனிகோடில் 14 குறியெண். லினக்ஸ் சர்வருக்கு 42 பைட். ஆக, விண்டோஸில் 255 வரை போகும் தமிழ்ப் பெயர், சர்வரில் 85இலேயே முட்டிக்கொள்ளும். சுற்றறிக்கையின் முழுத் தலைப்பையும் கோப்புக்குப் பெயராக வைக்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் உண்டு. நகலெடுக்கும்போது ஒரு சில கோப்புகள் மட்டும் காரணம் தெரியாமல் அடம்பிடித்தால் பெயரின் நீளத்தைப் பாருங்கள்.

இதைவிட நூதனமானது, ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் அடுத்தடுத்து நிற்பது. கோ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு முழு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு விதம். இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது மற்றொரு விதம். ஒகர, ஓகார, ஔகார வரிசை முழுக்க இப்படித்தான். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆப்பிளின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு எல்லாப் பெயர்களையும் பிரித்தே சேமிக்கும். விண்டோஸ் கீபோர்டுகளில் பெரும்பாலும் சேர்ந்த வடிவமே வரும். லினக்ஸுக்கோ பைட்டுகள் வேறென்றால் பெயரும் வேறு. மேக்கிலிருந்து ஆர்சிங்க் மூலமோ ஜிப் கட்டியோ வந்த கோப்புகள் சர்வரில் சேரும்போது, ஒரே தோற்றத்தில் இரண்டு "கோப்பு" இருக்க வாய்ப்புண்டு. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. கான்வ்எம்வி என்ற கருவி பெயர்களையெல்லாம் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். வேறொரு வகையில் தமிழுக்குச் சின்ன ஆதாயமும் இருக்கிறது. ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பாராட்டாது, லினக்ஸ் பாராட்டும். இந்தச் சண்டையைத் தீர்க்க சாம்பா சில சமயம் ஃபோல்டரின் பெயர்ப் பட்டியல் முழுவதையும் துழாவ வேண்டியிருக்கும். நம் எழுத்தில் அந்தப் பேதமே இல்லை.

கடைசியாக, மூடவேண்டியவை. முதலிடம் எஸ்எம்பியின் முதல் பதிப்புக்கு. நூற்றுக்கும் மேற்பட்ட கட்டளைகளோடு வீங்கிப்போயிருந்த அதை, விண்டோஸ் விஸ்டாவோடு வந்த இரண்டாம் பதிப்பு 19 கட்டளைகளாகச் சுருக்கியது. ஆனால் பழையது சாகவில்லை. 2017 மார்ச் 14இல் மைக்ரோசாஃப்ட் அதில் ஒரு பெரிய ஓட்டையை அடைத்துத் திருத்தம் வெளியிட்டது. திருத்தத்தைப் போடாதவர்களைத் தேடி மே 12இல் வன்னாக்ரை என்ற தீநிரல் வந்தது. 445ஆம் போர்ட் வழியே இயந்திரத்துக்கு இயந்திரம் தானாகத் தாவி, 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகளே தள்ளிப்போயின. இரண்டு மாதம் முன்பே மருந்து வந்துவிட்ட நோய் அது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு, புதிதாக நிறுவும்போது முதல் பதிப்பைச் சேர்ப்பதை நிறுத்தியது. சாம்பாவும் 2019இல் வந்த 4.11 பதிப்பில் இயல்பாகவே அதை அணைத்துவிட்டது.

அப்படியும் அதை மறுபடி இயக்குபவர்கள் இருக்கிறார்கள். காரணம் வேடிக்கையானது. முதல் பதிப்பை அணைத்தால் விண்டோஸின் நெட்வொர்க் சாளரத்தில் சர்வரின் படம் காணாமல் போகும். சர்வரே போய்விட்டது என்று பதறி, யாரோ சொன்னபடி பழையதை இயக்கிவிடுகிறார்கள். சர்வர் எங்கும் போகவில்லை. தன் இருப்பை அறிவிக்கும் வேலைதான் நின்றிருக்கிறது. அதற்கு இப்போது வேறு சேவைகள் உண்டு. விண்டோஸுக்கு டபிள்யூஎஸ்-டிஸ்கவரி, மேக்குக்கும் லினக்ஸுக்கும் 5353ஆம் போர்ட்டில் இயங்கும் எம்டிஎன்எஸ். இரண்டையும் சர்வரில் ஓடவிட்டால் படம் தானாகத் திரும்பி வரும்.

பழைய ஸ்கேனர்களும் போட்டோகாப்பியர்களும் சில முதல் பதிப்பை மட்டுமே பேசும் என்பது நியாயமான கஷ்டம். அதற்கு எஸ்எஃப்டிபி வழியோ மின்னஞ்சல் வழியோ இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் இயந்திரத்துக்காக மொத்த சர்வரின் பாதுகாப்பையும் இறக்கக் கூடாது. விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து ஒவ்வொரு எஸ்எம்பி செய்தியிலும் கையொப்பம் கேட்கப்படுகிறது. பாஸ்வேர்டு இல்லாமல் விருந்தாளியாக நுழையவிடும் பழைய நாஸ் பெட்டிகள் அதனோடு பேசத் திணறுகின்றன. அங்கும் சரியான தீர்வு கையொப்பத்தை அணைப்பது அல்ல, ஆளுக்கொரு கணக்கு உண்டாக்குவதுதான். 445ஐ ரவுட்டரில் இணையத்துக்குத் திறந்துவிடுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வெளியூரிலிருந்து கோப்பு வேண்டுமென்றால் விபிஎன் வையுங்கள்.

உங்கள் அலுவலகத்தில் லினக்ஸ் சர்வர் இருந்தால் அதில் ரூட் அதிகாரத்தோடு ss -tulpn என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். எந்தெந்தப் போர்ட்டில் எந்தெந்தச் சேவை காத்திருக்கிறது என்ற பட்டியல் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது யாருக்காக ஓடுகிறது என்று ஒரு பெயரை எழுதுங்கள். பெயர் எழுத முடியாதவற்றை நிறுத்திவிடுங்கள். அதனால் யாருக்காவது வேலை கெட்டால், அவர் பத்து நிமிடத்தில் உங்கள் மேசைக்கு வந்துவிடுவார்.